சக்காரா முதல் மதினத் ஹபு வரை: எகிப்தின் மற்போர்ச் சுவர்களைக் காட்டும் ஒரு பயணச் சேவை

பண்டைய எகிப்தின் மற்போர் ஓவியங்களையும் போர் விளையாட்டுச் சிற்பங்களையும் மட்டுமே மையமாக வைத்து, கெய்ரோவை அடுத்த சக்காராவில் தொடங்கி, மின்யா வழியாகச் சென்று, லக்சரின் மேற்குக் கரையில் முடியும் வழிகாட்டிப் பயணம் ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். பிரமிடுகளையும் துத்தன்காமனின் பொன்முகமூடியையும் காட்டுவதற்குப் பயண நிறுவனங்கள் ஏராளமாக இருக்கின்றன. கல்லறைச் சுவர்களில் நாலாயிரம் ஆண்டுகளாகக் கட்டிப் புரண்டுகொண்டிருக்கும் மல்லர்களைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் திட்டம் வகுத்து அழைத்துச் செல்வது அரிது. அந்த முயற்சியை முழு மனத்துடன் பாராட்டுகிறேன். இடங்களைத் தேர்ந்தெடுத்த விதம் நன்று, அவற்றைக் காட்டும் வரிசையும் நன்று, வழிகாட்டியோ மிகச் சிறந்தவர். குறை ஒன்று உண்டு. அது சிறிய குறை அல்ல. எந்தச் சுவருக்காக இந்தப் பயணமே ஏற்பட்டதோ, அந்தச் சுவரின் முன்னால் நிற்பதற்கு மிகக் குறைந்த நேரமே தரப்படுகிறது.

வழிகாட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எகிப்தியல் படித்தவர், இளமையில் மல்யுத்தப் பயிற்சியும் பெற்றவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதன் பயனை ஒவ்வொரு சுவரின் முன்னாலும் உணர முடிந்தது. ஓர் உருவத்தைக் காட்டி, "இவர் கீழே விழப் போகிறார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடமாட்டார். எடை எந்தக் காலில் நிற்கிறது, பிடித்த கை மணிக்கட்டில் இருக்கிறதா முழங்கைக்கு மேலே இருக்கிறதா, தலை எதிராளியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடையை நாமே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். பயணம் தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் கோட்டோவியப் படிகள் அடங்கிய ஒரு கட்டு தரப்பட்டது. மின்யா அருகே உள்ள பெனி ஹசன் கல்லறைகளை 1890-களில் எகிப்தியலாளர் பெர்சி நியூபெரியின் தலைமையில் ஆய்வுக் குழுவினர் நகலெடுத்தார்கள் அல்லவா, அந்தப் படங்களின் பெரிதாக்கிய அச்சு அது. பின்னாளில் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர், 17 வயது ஓவியராக 1891-இல் எகிப்தில் முதன்முதலாக வேலை பார்த்த இடமும் பெனி ஹசன்தான். அந்தப் படக்கட்டு கையில் இல்லாமல் இந்தச் சுவர்களைப் பார்க்கப் போவது வீண் என்றே சொல்வேன்.

பயணத்தின் முதல் இடம் சக்காராவில் உள்ள தாஹோத்தெப்பின் மஸ்தபா, அதாவது தட்டையான கூரை கொண்ட மேடை போன்ற கல்லறைக் கட்டடம். அவர் 5-ஆம் அரசமரபின் இறுதிக் காலத்தில் தலைமை அமைச்சராக இருந்தவர். காலம் ஏறத்தாழ கி.மு. 2400. அவருடைய வழிபாட்டு அறையின் சுவரில் சிறுவர் விளையாட்டுகளுக்கிடையே ஆறு ஜோடிச் சிறுவர்கள் மற்போர் புரிகிறார்கள். பெரிய வீரர்கள் அல்லர்; ஆடையின்றி, ஒருவரையொருவர் தூக்கியும் காலை வாரியும் விளையாடும் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் தாஹோத்தெப்பின் மகன் அகெத்ஹோத்தெப் என்று எழுத்து பெயரிட்டுச் சொல்கிறது. எகிப்தியக் கலையில் மற்போரை இவ்வளவு விரிவாகக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் இது ஒன்று. அமைச்சரின் மகன் மற்றப் பையன்களோடு மண்ணில் புரளுவதை அவருடைய கல்லறையிலேயே பொறித்து வைத்திருப்பது, அக்காலத்தில் மற்போர் இழிவான பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை என்பதற்குப் போதிய சான்று.

அதே சுவரின் அடிப்பகுதியில் படகோட்டிகளின் சண்டை இருக்கிறது. நாணல் படகுகளில் நின்று நீண்ட கழிகளால் ஒருவரையொருவர் நீரில் தள்ளப் பார்க்கிறார்கள். பழைய அரசுக் காலக் கல்லறைகள் பலவற்றில் இந்தக் காட்சி உண்டு. இங்கே ஒரு தனிச்சிறப்பு: சண்டைக்குப் பக்கத்துப் படகில் ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து பானம் அருந்துகிறார், அவர் நியாங்தா என்ற சிற்பி என்று மேலே எழுதியிருக்கிறது. தம் பெயரையும் உருவத்தையும் சுவரில் விட்டுச்சென்ற அந்தக் கலைஞர், தமக்குரிய இடமாகப் போர் விளையாட்டின் ஓரத்தைத் தேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மஸ்தபாவின் உள்ளே இடம் நெருக்கடியானது. குழு சிறியதாக இருந்ததால் சிரமம் இல்லை. பெரிய குழுவோடு போனால் பின்வரிசையில் நிற்பவருக்கு முன்வரிசையின் முதுகு மட்டுமே தெரியும்.

இனி பெனி ஹசன்.

மின்யா நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தெற்கே, நைலின் கிழக்குக் கரையில், சுண்ணாம்புக்கல் குன்றின் இடுப்புயரத்தில் ஒரே வரிசையாகக் குடையப்பட்ட 39 கல்லறைகள் உள்ளன. 11, 12-ஆம் அரசமரபுகளின் காலத்தில், ஓரிக்ஸ் மானைச் சின்னமாகக் கொண்ட மாவட்டத்தை ஆண்ட தலைவர்களும் அவர்களுடைய அலுவலர்களும் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. சாலையிலிருந்து படிகள் ஏறிப் போகவேண்டும். படிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் வெயில் ஏறிய பிறகு நிழல் கிடையாது. மேலே நின்று திரும்பினால் பச்சை வயல்களும் ஆறும் ஒரே பார்வையில் தெரியும். பார்வையாளருக்கு வழக்கமாகத் திறந்துவிடப்படுபவை நான்கு கல்லறைகள்: 2-ஆம் எண் அமெனெம்ஹத், 3-ஆம் எண் இரண்டாம் குனும்ஹோத்தெப், 15-ஆம் எண் மூன்றாம் பாக்கெத், 17-ஆம் எண் அவருடைய மகன் கெத்தி. காவலர் சாவியோடு கூடவே வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுகிறார்.

மூன்றாம் பாக்கெத்தின் கல்லறைக்குள் நுழைந்ததும் எதிரே தெரியும் கிழக்குச் சுவர்தான் உலகெங்கும் மல்யுத்த ஆர்வலர்கள் பெயர் சொல்லும் சுவர். சுமார் 220 ஜோடி மல்லர்கள் வரிசை வரிசையாக அதில் இருக்கிறார்கள். கெத்தியின் கல்லறையில் சுமார் 120 ஜோடிகளும் அமெனெம்ஹத்தின் கல்லறையில் சுமார் 60 ஜோடிகளும் உண்டு. மூன்றையும் கூட்டினால் 400 ஜோடிகள். எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுப் போகிறவர் முதல் பார்வையில் ஏமாறக்கூடும். உருவங்கள் சிறியவை. வண்ணம் பல இடங்களில் மங்கி, சில இடங்களில் பூச்சோடு உதிர்ந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுவதும் பழுப்பு எழுத்துகளால் நிரப்பிய ஏடு போல இருக்கிறது. அருகே சென்று, ஒரு வரிசையைத் தொடங்கிய இடத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டு போனால்தான் அது உயிர் பெறுகிறது.

அப்படிப் பார்க்க வழி செய்வது ஓவியர் கையாண்ட ஒரே ஓர் உத்தி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குச் செம்பழுப்பு நிறமும் மற்றவருக்கு அதைவிடக் கருமையான நிறமும் தீட்டியிருக்கிறார்கள். இருவரும் வெவ்வேறு இனத்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. தலைமுடியும் முக அமைப்பும் உடையும் ஒன்றே. இரண்டு உடல்கள் பின்னிக்கொள்ளும்போது எந்தக் கை யாருடையது, எந்தக் கால் யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இந்த வேறுபாடு. மற்போரை வரைவதில் உள்ள மிகக் கடினமான சிக்கலை இவ்வளவு எளிதாகத் தீர்த்த அந்த ஓவியரின் அறிவை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இரண்டு பேர் கழுத்தும் கையும் கோத்து நிற்கும் ஒரு ஜோடியைக் காட்டி, நிறத்தை மறந்துவிட்டுக் கோட்டை மட்டும் தொடர்ந்து பாருங்கள் என்றார் வழிகாட்டி. அரை நிமிடத்தில் எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. நிறத்தைச் சேர்த்துப் பார்த்ததும் பிடி தெளிவாகத் திறந்துகொண்டது: கருநிறத்தவரின் வலக்கை எதிராளியின் பிடரியின்மேல், இடக்கை அவருடைய முழங்காலுக்குப் பின்னால்.

மல்லர்கள் அணிந்திருப்பது இடுப்பில் ஒரு பட்டை மட்டுமே. தொடக்கத்தில் ஒருவர் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்க, எதிராளி தயாராக நிற்கிறார். அங்கிருந்து அடுத்தடுத்து வருபவை: கைகளை நீட்டி அளவெடுப்பது போன்ற நிலை, மணிக்கட்டையும் கழுத்தையும் பற்றும் நிலை, ஒருவர் குனிந்து புகுந்து எதிராளியின் காலைத் தூக்குவது, இடுப்பைக் கட்டி, தலை கீழாகவும் கால் மேலாகவும் முழு உடலையும் தூக்கிவிடுவது, தோளுக்கு மேலாக எறிவது, பின்னாலிருந்து வயிற்றைச் சுற்றிப் பிடிப்பது. தரையில் விழுந்த பிறகும் போர் நிற்பதில்லை. குப்புறக் கிடப்பவரின் முதுகின்மேல் ஒருவர், மல்லாந்து கிடந்தபடியே மேலே இருப்பவரின் காலை இழுப்பவர், மண்டியிட்டு எழப் பார்ப்பவரைக் கழுத்தோடு சேர்த்து அழுத்துபவர் என்று தரைப்பிடிகள் ஏராளம். எதிராளி தரையில் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் முறையாக அது இருந்திருக்க முடியாது என்பது சுவரைப் பார்த்தாலே விளங்குகிறது. இன்றைய கட்டற்ற மல்யுத்தத்தில் பயிற்சி பெற்ற எவரும் இங்கே பாதிக்கு மேற்பட்ட பிடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டுவிடுவார்.

இவ்வளவு ஜோடிகளும் எதைக் காட்டுகின்றன? ஒரே இருவர் புரியும் ஒரே போரின் அடுத்தடுத்த கணங்களா, அல்லது பிடிகளின் தொகுப்பா? அறிஞர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. சில பயண நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்கள் இதை உலகின் முதல் மற்போர்ப் பாடநூல் என்று உறுதியாக அடித்துச் சொல்கின்றன. எங்கள் வழிகாட்டி அப்படிச் சொல்லாமல், ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, எந்த இரண்டு ஜோடிகளுக்கிடையே அசைவு தொடர்கிறது, எங்கே அறுபடுகிறது என்று எங்களையே பார்க்கச் சொன்னார். எனக்குத் தோன்றியது இது: மூன்று நான்கு ஜோடிகள் ஒரே அசைவின் படிகளாகத் தொடர்ந்து வருகின்றன; காலைப் பற்றுவது, தூக்குவது, சாய்ப்பது, மேலே விழுந்து அமுக்குவது. பிறகு தொடர்பு விட்டுப்போய் இருவரும் மறுபடியும் நின்றுகொண்டிருக்கிறார்கள். சுவர் முழுவதும் ஒரே போர் என்பது பொருந்தவில்லை. தொடர்பே இல்லாத தனிப்படங்கள் என்பதும் பொருந்தவில்லை. மற்போர் கற்பிக்கும் ஆசான் ஒருவர் ஓவியரின் அருகே நின்றிராமல் இந்த வரிசை உருவாகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

மல்லர் வரிசைகளுக்குக் கீழே கோட்டை முற்றுகைக் காட்சி இருக்கிறது. கோட்டை மதிலின்மேல் வில்லாளிகள். கீழே, மேலே மூடிய ஒரு கூடாரம் போன்ற காப்புக்குள் ஒளிந்துகொண்டு நீண்ட கம்பத்தால் மதிலைக் குத்தும் வீரர்கள். கெத்தியின் சுவரிலும் அமெனெம்ஹத்தின் சுவரிலும் இதே அடுக்குதான்: மேலே மற்போர், கீழே போர். மற்போர் படைவீரர் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது என்ற கருத்துக்கு இந்த அமைப்பே வலுவான ஆதாரம். வழிகாட்டி இல்லாமல் போகிறவர்கள் மல்லர்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இருந்தபோதே வந்துபோன வேறு குழு அப்படித்தான் செய்தது.

இப்போது குறைக்கு வருகிறேன். பாக்கெத்தின் கல்லறையில் எங்களுக்குக் கிடைத்த நேரம் அரை மணிக்குச் சற்றே அதிகம். கெத்தியின் கல்லறையில் அதைவிடக் குறைவு. வழிகாட்டி ஒன்றரை வரிசையை முடித்திருந்தபோது ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வந்தது. அன்றே, பார்வோன் அகெனாத்தெனின் பழைய தலைநகரான அமர்னாவையும் பார்த்தாகவேண்டும் என்று நிறுவனம் நிரல் வகுத்திருந்ததால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 220 ஜோடிகள் கொண்ட சுவரைப் பார்க்கவென்றே நெடுந்தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இது நியாயம் அல்ல. அதே நாளில் வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நின்ற நேரத்தை இங்கே செலவிட்டிருக்கலாம். மின்விளக்குகளும் சுவரில் சீராக விழவில்லை. மேல் வரிசைகள் அரையிருளில் இருந்தன. வழிகாட்டியிடம் இருந்த கைவிளக்கால்தான் அவற்றைப் பார்க்க முடிந்தது. உருவங்களை நெருங்கிப் பார்க்கச் சிறிய தொலைநோக்கி ஒன்றை ஒவ்வொருவருக்கும் நிறுவனமே தரலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

கெத்தியின் கல்லறையைப் பற்றி ஒரு சொல்: தாமரை மொட்டு வடிவத் தூண்கள் அங்கே இன்னும் நிற்கின்றன, வண்ணமும் ஓரளவு தெளிவாக இருக்கிறது. பாக்கெத்தின் சுவரில் குழம்பியவர்கள் இங்கே வந்தால் தேறிவிடலாம். இரண்டாம் குனும்ஹோத்தெப்பின் கல்லறை ஆசியாவிலிருந்து வந்த அமு மக்களின் ஊர்வலத்துக்காகப் புகழ்பெற்றது. மற்போருக்காக வந்தவர் அங்கே அதிகம் நிற்கவேண்டியதில்லை. பாக்கெத்தின் வடக்குச் சுவரில் பறவைகளோடு சேர்த்து வரைந்திருக்கும் வௌவால்களை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது.

அமர்னாவில் அரண்மனை அலுவலர் இரண்டாம் மெரிரேயின் கல்லறையைப் பார்த்தோம். அகெனாத்தெனின் 12-ஆம் ஆட்சியாண்டில் பல நாட்டார் திறை கொண்டுவரும் பெருங்காட்சியின் ஒரு மூலையில் மற்போரும் கம்புச் சண்டையும் குத்துச்சண்டையும் இருக்கின்றன. மிகவும் சிதைந்த நிலை. படக்கட்டு இல்லாவிட்டால் ஒன்றுமே புரியாது. இதை நிரலிலிருந்து நீக்கிவிட்டு அந்த நேரத்தைப் பெனி ஹசனுக்குத் தந்தால் யாரும் வருந்தமாட்டார்கள்.

லக்சரின் மேற்குக் கரையில் பயணம் மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. அசாசிப் பகுதியில் உள்ள கெருயெப்பின் கல்லறை முதலில் வருகிறது. அரசி தீயேயின் இல்லப் பொறுப்பாளராக இருந்த அவர், அரசர் மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் ஆட்சிப் புதுப்பிப்பு விழாக்களைத் தம் கல்லறையில் மென்மையான புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கச் செய்தார். அரசரின் 37-ஆம் ஆண்டில் நடந்த மூன்றாவது விழாவில், மறுமைக் கடவுள் ஒசிரிசின் சின்னமாகிய ஜெத் தூணைக் கயிறு கட்டி நிமிர்த்தும் சடங்குக்குக் கீழே ஆடவர்கள் ஜோடி ஜோடியாக மோதுகிறார்கள். சிலர் பாப்பிரஸ் தண்டுகளால், சிலர் வெறும் முட்டியால். எகிப்தியக் கலையில் குத்துச்சண்டையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் மிகக் குறைவு. ஓங்கிய முட்டிக்கும் அதைத் தடுக்க உயர்ந்த கைக்கும் இடையே சிற்பி விட்டிருக்கும் சிறு இடைவெளியில் அடுத்த கணம் என்ன நடக்கும் என்பது தெரிகிறது. இது போட்டி அன்று, சடங்கின் ஒரு பகுதி. ஆகவே பெனி ஹசனில் கண்ட நுட்பங்களை இங்கே தேடக் கூடாது என்று வழிகாட்டி முன்னரே சொல்லிவைத்தது பொருத்தமாக இருந்தது.

மதினத் ஹபுவில் மூன்றாம் ராம்சேசின் கோயில், முதல் முற்றத்தின் தெற்குப் பக்கம். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் அரசர் மக்களுக்குக் காட்சி தருவதற்காகக் கட்டிய மேல்மாடச் சாளரத்துக்கு அடியில், மொத்தம் பத்து ஜோடிகள்: ஏழு மற்போர், மூன்று கம்புச் சண்டை. எகிப்திய வீரர்களோடு மோதுபவர்கள் நூபியரும் ஆசியரும் லிபியரும். இரு பக்கமும் அரசிளங்குமரர்களும் அலுவலர்களும் வெளிநாட்டுத் தூதர்களும் நின்று பார்க்கிறார்கள். கம்பு வீசுபவர்களின் இடது முன்கையில் அடியைத் தாங்கும் காப்பு கட்டியிருக்கிறது. முகவாயையும் பட்டையால் பாதுகாத்திருக்கிறார்கள். வலக்கையில் கம்பு, இடக்கையால் தடுப்பு என்ற அந்த நிலையைப் பார்த்ததும் சிலம்பம் அறிந்த எவருக்கும் கை துறுதுறுக்கும்.

பெனி ஹசனில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: பேச்சு. உருவங்களின் பக்கத்தில் அவர்கள் சொல்வதையும் பொறித்திருக்கிறார்கள். எதிராளியின் கழுத்தை நெரிக்கும் வீரரைப் பார்த்து நடுவர், நீ பார்வோனின் முன்னிலையில் இருக்கிறாய், கவனம் என்று எச்சரிக்கிறார். எகிப்திய வீரர் ஒருவர் தம் முன் நிற்கும் நூபியரிடம், அரசர் முன்னால் உன்னை வீழ்த்தப்போகிறேன் என்று சவால் விடுகிறார். வென்றவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்க, தோற்றவர் தரையில் விழுந்து வணங்குகிறார். விதி இருந்தது, நடுவர் இருந்தார், பார்வையாளர் இருந்தார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் கல்வெட்டு வேறு எந்தப் பழைய நாகரிகத்தின் விளையாட்டுக் காட்சியிலும் எளிதில் கிடைக்காது.

ஆயினும் இந்தச் சுவரைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. வெல்பவர் எப்போதும் எகிப்தியரே. சாளரத்தின் மாடத்தையே பகைவரின் தலைகள் தாங்குவதாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லைகளில் படையெடுப்புகளைச் சந்தித்துக்கொண்டிருந்த அரசர், வெளிநாட்டுத் தூதர்கள் கண்டுகொள்ளட்டும் என்று நடத்திய காட்சி இது. நூபியர்கள் மற்போரில் பெயர் பெற்றவர்கள் என்பதற்கு எகிப்தியக் கலையே வேறோர் இடத்தில் சான்று தருகிறது: நான்காம் துத்மோசின் காலத்துப் படையதிகாரியான தனுனியின் கல்லறையில், அணிவகுத்துச் செல்லும் நூபிய வீரர்களுள் ஒருவர் ஏந்தியிருக்கும் கொடிச்சின்னத்தில் இரண்டு மல்லர்களின் உருவம் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லறையின் படத்தை வழிகாட்டி மதினத் ஹபுவின் முற்றத்திலேயே எடுத்துக் காட்டினார். தங்கள் படைப்பிரிவின் அடையாளமாகவே மற்போரைச் சுமந்தவர்கள், ராம்சேசின் சுவரில் ஒருமுறைகூட வெல்லவில்லை. அந்த இரண்டு படங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவைத்ததுதான் இந்தப் பயணம் எனக்குத் தந்த சிறந்த பாடம். வேறு எந்தப் பொதுப் பயணத்திலும் இதை எதிர்பார்க்க முடியாது.

மாலையில் ஓர் ஊர்த் திடலில் தஹ்தீப் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேல் எகிப்தின் கழி ஆட்டமான இதை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. முரசும் குழலும் ஒலிக்க, இருவர் வட்டமிட்டு, எதிராளியின் தலையைத் தொடும் வாய்ப்பைத் தேடுகிறார்கள். தலையைத் தொட வழி திறந்தாலே போதும், அடிப்பது கிடையாது. ஆடியவர்கள் பெரியவர்கள், சுற்றுலாவுக்காகச் சுருக்காமல், தங்கள் வழக்கப்படியே வணக்கம் செலுத்தித் தொடங்கி நிதானமாக ஆடினார்கள். கோயிலில் கண்ட கம்புச் சண்டைக்கும் இதற்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்று நிறுவனத்தின் அறிமுகத் தாள் உறுதியாகச் சொல்கிறது. மூவாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடும் அந்த உறுதி தேவையற்றது. இந்த ஆட்டம் தன்னளவிலேயே பார்க்கத் தக்கது.

நினைவுப்பொருள் கடையைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். அங்கே பாப்பிரஸ் தாளில் பெனி ஹசன் மல்லர்களை அச்சிட்டு விற்கிறார்கள். தொலைவிலிருந்து அழகாக இருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தால், எல்லா உருவங்களுக்கும் ஒரே பழுப்பு நிறம். இடுப்புப் பட்டையும் பலவற்றில் காணோம். இரண்டு நிறம் என்ற உத்தி போனதும் ஓவியத்தின் உயிரே போய்விடுகிறது: தூக்கியவர் யார், தூக்கப்பட்டவர் யார் என்று தெரியாத கைகால் குவியல்தான் மிஞ்சுகிறது. சுவரை நேரில் பார்த்துவிட்டு வருபவருக்கு இப்படி ஒரு பொருளை விற்பது நல்ல வணிகம் அன்று. எங்களுக்குத் தந்த கோட்டோவியக் கட்டில் இரண்டு நிறமும் சரியாக இருந்தன. அதையே நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டு நிறுவனம் விற்கலாம்; நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கட்டணம் குறைவானது அல்ல. பொதுப் பயணங்களைவிடத் தெளிவாகவே அதிகம். நுழைவுச் சீட்டுகள், வண்டி, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் அதில் அடங்கும். கல்லறைக் காவலர்களுக்குத் தரும் பக்‌ஷீஷ் (அன்பளிப்புக் காசு) அடங்காது. சில்லறை எகிப்திய பவுண்டு நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மின்யாவில் தங்கிய விடுதி எளிமையானது, சுத்தமானது. வண்டி நல்ல நிலையில் இருந்தது. மற்போரிலோ எகிப்தியக் கலையிலோ ஆர்வம் இல்லாத துணையோடு போகவேண்டாம். மூன்றாவது கல்லறையில் அவர் பொறுமையிழந்துவிடுவார், அது நியாயமும்கூட.

போகிறவர்கள் புறப்படுமுன் வீட்டிலேயே சற்று ஆயத்தம் செய்துகொள்ளலாம். நியூபெரியின் பெனி ஹசன் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதினத் ஹபுவின் சுவர்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு ஆய்வுக் குழு மிகத் துல்லியமாக வரைந்து வெளியிட்ட தொகுதிகளையும் அப்படியே இறக்கிக்கொள்ள முடியும். பாக்கெத்தின் சுவரிலிருந்து ஏதேனும் ஒரு வரிசையை முன்கூட்டியே தேர்ந்து, அதிலுள்ள ஜோடிகளை மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள். உள்ளே கிடைக்கும் சிறிது நேரத்தில் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட அந்த ஒரு வரிசையை முழுமையாகப் பார்ப்பது மேல். குளிர்காலத்தில் காலை நேரத்தில் படியேறுவது உடலுக்கு நல்லது.

முன்பதிவு செய்யும்போதே அமர்னாவை விட்டுவிட்டு அன்று முழுவதையும் பெனி ஹசனுக்கு ஒதுக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். சிறு குழுவாகச் சேர்ந்து கேட்டால் நிரலை மாற்றித் தருவதாகப் பயண முடிவில் நிறுவனத்தினர் எங்களிடம் சொன்னார்கள். அந்த மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.